இலங்கை அரசியலில் 'சோசலிசம்': ஒரு சொல்லின் வரலாறு

இலங்கையின் அரசியல் மேடைகளில் அளவுக்கு மிஞ்சிப் புழங்கிக் கேட்போரைச் சலிப்படையச் செய்த சொற்களுள் 'சோசலிசம்' முதன்மையானது எனலாம். இன்றைய மாணவர் பலருக்கு அது அரசாங்கக் கடிதத் தலைப்பில் காணப்படும் பெயரின் ஒரு பகுதி மட்டுமே. அச்சொல் பொருளிழந்தமைக்கு அதன் எதிரிகளே காரணம் என்று கூறுதல் எளிது. எல்லாக் கட்சியினரும் அதனைத் தமதாக்கிக் கொண்டமையே மெய்யான காரணம் என்பதை வரலாறு காட்டுகின்றது.

1935 ஆம் ஆண்டில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது அச்சொல்லுக்குக் கனமிருந்தது. அதனை உச்சரித்தவர் குடியேற்ற ஆட்சியின் பகையைத் தேடிக்கொண்டனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிறையும் சென்றனர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரின் உரிமையைப் பறித்தபோது இடதுசாரிகள் அதனை எதிர்த்து வாக்களித்தனர். சொல்லும் செயலும் அன்று ஒன்றாயிருந்தன.

1956 ஆம் ஆண்டுத் தோல்வியின் பின்னர் ஐக்கிய தேசியக் கட்சியும் 'சனநாயக சோசலிசம்' பேசத் தொடங்கியது. 1964 ஜூன் மாதத்தில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் இணைந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் வகை செய்தது. ஏறத்தாழ 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கென ஒத்திவைக்கப்பட்டது. தொழிலாளரைத் தொகைகளாகப் பிரித்த அவ்வொப்பந்தம் சோசலிசத்தின் பெயர் சொல்லிய அமைச்சர்கள் பதவியிலிருந்த காலத்திலேயே உருவாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

1970 ஆம் ஆண்டில் ஐக்கிய முன்னணி ஆட்சியேறியதும் இச்சொல் அரசாங்க மொழியாயிற்று. 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சோசலிச சனநாயகத்தை நோக்கி முன்னேறுதல் அரசின் கடப்பாடு என்றது. அவ்வாண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலவுடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. கம்பனித் தோட்டங்களோ விலக்களிக்கப்பட்டன. அவை 1975 ஒக்டோபரில் அரசுடைமையாயின. சமசமாஜக் கட்சியினர் அதற்கு முந்திய மாதமே அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர்! இரு கட்டங்களிலுமாக ஏறக்குறைய 10 இலட்சம் ஏக்கர் அரசின் கைக்கு மாறியது. எனினும், அந்நிலத்தில் தலைமுறைகளாக உழைத்தோருட் பெரும் பகுதியினர் அப்போதும் நாடற்றவராகவே இருந்தனர். நிலம் பொதுமக்களின் உடைமையாயிற்று எனப் பறைசாற்றப்பட்டபோது அப்பொதுமக்களுள் அவர்கள் எண்ணப்படவில்லை. 1973-74 காலத்து உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் உயர்ந்தது. லயன் அறையில் பட்டினி கிடந்தவனுக்கு இச்சொல் எரிச்சலூட்டியிருக்குமாயின் அதில் வியப்பில்லை.

1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களுள் 140 ஐக் கைப்பற்றியது. இடதுசாரிக் கட்சிகளுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. நவம்பர் மாத வரவுசெலவுத் திட்டம் திறந்த பொருளாதாரத்துக்கு வழி திறந்தது. சோசலிசம் என்ற சொல் இத்துடன் மறைந்திருத்தல் வேண்டும். மறையவில்லை! 1978 செப்டெம்பர் 7 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, இந்நாட்டைச் 'சனநாயக சோசலிசக் குடியரசு' எனப் பெயரிட்டது. இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, சுதந்திர வர்த்தக வலயத்தைத் திறந்து, அரிசிப் பங்கீட்டை வெட்டிய ஆட்சியே சோசலிசத்தை நாட்டின் பெயரிற் பொறித்தது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட பல்லாயிரம் ஊழியரைப் பணிநீக்கியதும் அதே ஆட்சியே.

இதற்குப் பின் வந்த சொல் 'மக்கள்மயம்'. பிரேமதாச ஆட்சியில் (1989-1993) அரச நிறுவனங்கள் தனியாருக்கு விற்கப்பட்டபோது 'தனியார்மயம்' என்ற சொல் தவிர்க்கப்பட்டு இது வழங்கப்பெற்றது. 1992 ஆம் ஆண்டில் அரச தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பனி, அரசு, மீண்டும் கம்பனி என ஒரு தொழிலாளியின் வாழ்நாளுக்குள்ளேயே எசமானர் மாறினர். ஒவ்வொரு மாற்றமும் மக்களின் பெயராலேயே நிகழ்ந்தது.

எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை அளிக்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஏனைய சட்டங்களைப் போன்று அதுவும் இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசின் பாராளுமன்றத்தால் சட்டமாக்கப்படுவதாகவே தொடங்குகின்றது.