நினைவு தீர்ந்த இயந்திரங்கள்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில், லிஸ்ப் என்னும் கணினி மொழி பிறந்து அதிக காலம் ஆகியிராத நாட்களில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்கலாம். தொழில் நிறுவனங்களின் பிரதிநிதிகள் அரங்கில் கூடியிருக்கிறார்கள். மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி பேசிக்கொண்டிருக்கிறார். கணினி இருப்பது வேறோர் இடத்தில். அங்கே ஃப்ளெக்ஸோரைட்டர் என்ற தட்டச்சுப்பொறி அடிக்கும் எழுத்துகளை ஒரு தொலைக்காட்சிக் கேமரா அரங்குக்குக் கொண்டுவருகிறது. ஒரு வகைக்கெழுச் சமன்பாடு குறிப்பிட்ட நிபந்தனைக்கு உட்படுகிறதா என்று இயந்திரம் சோதித்துச் சொல்ல வேண்டும். மெதுவாகத்தான் என்றாலும் எல்லாம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருக்கிறது.

திடீரென்று பொறி வேறெதையோ அடிக்கத் தொடங்குகிறது. குப்பை சேகரிப்பவர் வரவழைக்கப்பட்டிருக்கிறார், இதோ சில சுவையான புள்ளிவிவரங்கள் என்ற பொருளில் ஓர் அறிவிப்பு; அதைத் தொடர்ந்து எண்கள், மேலும் எண்கள். நொடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் அது முழுப்பக்கமும் அடித்து முடிப்பதற்குள் நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய நேரம் கரைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அரங்கமே சிரிப்பில் ஆழ்ந்தது. யாரோ ஒரு குறும்புக்காரன் தங்களிடம் கைவரிசை காட்டிவிட்டதாகச் சிலர் எண்ணியிருப்பார்கள் என்று, லிஸ்பின் வரலாற்றைப் பின்னாளில் எழுதியபோது மெக்கார்த்தியே நினைவுகூர்கிறார்.

அவர் சொல்லும் காரணம் நம் கவனத்துக்குரியது. முன்னதாக நடந்த ஒத்திகையில் இப்படி ஆகவில்லை. ஆனால் ஒத்திகைக்குப் பிறகு நினைவகத்தைத் துடைத்துப் புதிதாக்காமல் விட்டுவிட்டார்கள். ஒத்திகையின் மிச்சங்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் நிகழ்ச்சியின் நடுவே வெற்றிடம் தீர்ந்தது. வாரக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் இன்றைய வழங்கிகள் நள்ளிரவில் விழுவதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான்: முந்தைய வேலையின் மிச்சம்.

இலக்கியம் பேசும் தளத்தில் இது எதற்கு என்று எங்கள் குழுவிலேயே ஒரு நண்பர் கேட்டார். மறதியைப் பற்றியும் நினைவைப் பற்றியும் இவ்வளவு எழுதுகிற நாம், மறக்கத் தெரியாமல் இறந்துபோகும் இயந்திரங்களைப் பற்றி ஒருமுறை எழுதினால் என்ன என்பதே எங்கள் பதில். அவர் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

மெக்கார்த்தியின் புகழ்பெற்ற கட்டுரை 1960 ஏப்ரலில் வெளியானது. ஐபிஎம் 704 கணினியில், பட்டியல்களை வைப்பதற்கெனத் தொடக்கத்தில் சுமார் 15,000 அறைகள் காலியாக இருந்தன. ஓர் அறைக்கு 36 பிட். இன்றைய அளவையில் மொத்தமே 67 கிலோபைட் அளவுதான், கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூடப் போதாது. நிரல் தனக்கு வேண்டியபோதெல்லாம் ஓர் அறையை எடுத்துக்கொள்ளும். திருப்பித் தர வேண்டிய பொறுப்பு அதற்கு இல்லை. அறைகள் தீர்ந்ததும் இயந்திரம் வேலையை நிறுத்திவிட்டு, நிரலின் கைக்கு எட்டும் பொருள்கள் எவை எனத் தேடும். சில அடிப்படை அறைகளில் தொடங்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு போய், தொட்ட ஒவ்வொன்றிலும் குறியை மாற்றிவைக்கும். குறி மாறாத அறைகள் யாருக்கும் எட்டாதவை. அவை மீண்டும் காலி இடமாகும்.

நண்பர்களிடையே இதைக் குப்பை சேகரிப்பு என்றே அழைத்து வந்தாலும், கட்டுரையில் அந்தச் சொல்லை எழுத மெக்கார்த்திக்குத் துணிவு வரவில்லையாம். 'மீட்டெடுத்தல்' என்ற பொருளில் கௌரவமான ஒரு சொல்லையே அங்கு காண்கிறோம். தமிழில் எழுதும் நமக்கும் சங்கடம்தான். 'குப்பை பொறுக்கி' என்றால் வசைபோல ஒலிக்கிறது. 'கார்பேஜ் கலெக்டர்' என்றாலோ, கலெக்டர் என்ற சொல்லுக்கு நம்மூரில் உள்ள மரியாதை குறுக்கே வந்து நிற்கிறது. இக்கட்டுரையில் 'சேகரிப்பான்' என்று வைத்துக்கொள்வோம்.

அக்கட்டுரையில் பலரும் எளிதாகக் கடந்துபோகும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இந்த முறையின் திறன், எட்டக்கூடிய பொருள்களால் நினைவகம் ஏறத்தாழ நிரம்பிவிடாமல் இருப்பதைப் பொறுத்தது என்கிறார் மெக்கார்த்தி. ஒருமுறை மீட்டெடுக்கச் சில நொடிகள் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் சில ஆயிரம் அறைகளாவது கிடைக்காவிட்டால் நிரல் தன் காலத்தின் பெரும்பகுதியை மீட்டெடுப்பதிலேயே கழித்துவிடும். இடம் முற்றாகத் தீர்வது ஓர் ஆபத்து என்றால், தீர்ந்தும் தீராமலும் இருப்பது அதைவிடக் கொடிய ஆபத்து என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொன்னதில்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. முற்றாகத் தீர்ந்தால் ஒரு பிழைச்செய்தி வரும். தீரும் தறுவாயில் எதுவும் வராது. இயந்திரம் உயிரோடு இருப்பதுபோலவே இருக்கும், ஆனால் ஒரு வேலையும் நடக்காது.

அதே 1960ஆம் ஆண்டின் இறுதியில் ஜார்ஜ் காலின்ஸ் வேறொரு வழி சொன்னார். ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்று எண்ணி வைத்துக்கொண்டால், எண்ணிக்கை பூச்சியமானதும் அதைக் கழித்துவிடலாம். ஒன்றையொன்று சுட்டிக்கொள்ளும் இரு பொருள்கள், உலகமே மறந்த பிறகும் தம்முள் உயிர்த்திருக்கும் என்பது இதன் குறை. பைத்தான் மொழி இன்றும் இந்த எண்ணும் முறையைத்தான் கையாள்கிறது. வட்டங்களைக் கண்டுபிடிக்கத் தனியே ஒரு சேகரிப்பானையும் வைத்திருக்கிறது.

சேகரிப்பானுக்குள்ளேயே ஒரு முரண் ஒளிந்திருந்தது. சுட்டிகளைப் பிடித்துக்கொண்டு ஆழம் போகிறவன், திரும்பி வரும் வழியை எங்காவது குறித்து வைத்தாக வேண்டும். குறிக்க இடம் வேண்டும். இடமோ தீர்ந்துவிட்டது, அதனால்தான் அவனையே கூப்பிட்டார்கள். 1967இல் ஹெர்பர்ட் ஷோரும் வில்லியம் வெயிட்டும் வெளியிட்ட தீர்வை எத்தனை முறை படித்தாலும் எங்களுக்கு அலுப்பதில்லை. வழியைக் குறிக்க ஏடு இல்லாதவன், கடக்கும் ஒவ்வொரு கைகாட்டியையும் தான் வந்த திசை நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டே போகிறான். திரும்பும்போது அவற்றைப் பார்த்தே வழி கண்டு, ஒவ்வொன்றையும் பழையபடி நேராக்கிவிட்டு வருகிறான். வேலை முடிந்தபின் காடு முன்பிருந்தபடியே இருக்கும்.

அடுத்த இருபது ஆண்டுகளில் சேகரிப்பான்கள் வேகம் பெற்றன. பொருள்களில் பெரும்பாலானவை இளமையிலேயே இறந்துவிடுகின்றன என்ற கவனிப்பின் அடிப்படையில், இளையவற்றை அடிக்கடியும் முதியவற்றை எப்போதாவதும் சோதிக்கும் முறை 1980களில் வந்தது. அது தனியே எழுத வேண்டிய கதை. நம் கதை ஜாவாவில் தொடர்கிறது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995இல் ஜாவாவை அறிவித்தபோது, நினைவகக் கணக்கை நிரலர் பார்க்க வேண்டியதில்லை என்பது அதன் பெரிய கவர்ச்சியாக இருந்தது. அந்த வாக்குறுதி முடியும் எல்லையில் ஒரு பெயர்ப்பலகையையும் வைத்தார்கள்: அவுட் ஆஃப் மெமரி எரர். ஜாவாவில் தவறுகள் இரு சாதி. நிரல் பிடித்துச் சமாளிக்கக்கூடியவை 'எக்செப்ஷன்'. ஒரு சாதாரண நிரல் பிடிக்க முயலவே கூடாதவை 'எரர்'. நினைவகப் பற்றாக்குறையை இரண்டாவதில் சேர்த்தார்கள்.

சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கதவைத் தட்டியது திருடன் என்றால் அவனைப் பிடிக்கலாம். வீட்டில் காற்றே இல்லை என்றால் பிடிப்பவனும் சேர்ந்துதான் மூச்சுத் திணறுவான். பிழையைப் பதிவுசெய்ய ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும், அந்த வாக்கியத்துக்கும் இடம் வேண்டும். ஏன், பிழை என்பதே ஜாவாவில் ஒரு பொருள். அதைப் படைக்கவும் இடம் வேண்டும். எனவே ஹாட்ஸ்பாட் இயக்கச்சூழல் ஒரு தந்திரம் செய்கிறது. தொடங்கும்போதே, இடம் தாராளமாக இருக்கும் வேளையில், இந்தப் பிழைப்பொருள்கள் சிலவற்றை ஆக்கி ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்கிறது. தன் சாவோலையைத் தானே எழுதி இறவாணத்தில் செருகி வைத்துவிட்டு வாழ்க்கையைத் தொடங்குவதற்கு ஒப்பானது இது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் சூழலிலும் இதே ஏற்பாடு உண்டு.

எப்போது அந்த ஓலையை வெளியே எடுப்பது என்பதே கண்டறிதலின் சிக்கல். மெக்கார்த்தி எச்சரித்த அந்த இடைநிலையை இயந்திரம் எவ்வாறு உணரும்? ஜாவாவின் 6ஆம் பதிப்புக்கான ஆவணங்களில் இணைநிலைச் சேகரிப்பானைப் பற்றி ஒரு விதியைக் காண்கிறோம். மொத்த நேரத்தில் 98 விழுக்காட்டுக்கு மேல் சேகரிப்பிலேயே செலவாகி, அதனால் மீள்வது நினைவகத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால், இடம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பிழையை எறிந்துவிடு. 1960இல் ஒரு வாக்கியமாக இருந்தது, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து இரண்டு எண்களாகியது. 97 விழுக்காட்டில் திணறும் நிரலுக்கு என்ன கதி என்று வாசகர் கேட்கலாம். அது விதிக்கு வெளியே நின்று, தொடர்ந்து திணறும்.

பிழை எறியப்பட்ட பின்னும் குற்றவாளி அகப்படுவதில்லை. நிரம்பி வழியும் பேருந்தில் கடைசியாகப் படிக்கட்டில் தொற்றியவனைத்தான் நடத்துநர் திட்டுவார். கால் நீட்டி இரண்டு இருக்கைகளை அடைத்திருப்பவன் உள்ளே நிம்மதியாக உறங்குவான். அதுபோல, பல இழைகளாக ஓடும் நிரலில், எந்த இழை கடைசியாக இடம் கேட்டதோ அதன் தலையில் பிழை விழும். அந்த இழை பாதி வேலையில் அறுபடும். மற்றவை எதுவும் நடவாததுபோல ஓடும். 'எதுவானாலும் பிடித்துக்கொள்' என்று எழுதிவைத்த நிரலர்களால் இது இன்னும் மோசமானது. எங்களில் ஒருவர் முன்பு வேலை பார்த்த இடத்தில், இப்படிப் பிழையை விழுங்கிவிட்ட நிரல் ஒன்று இரவு முழுதும் கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டு ஒன்றுக்கும் பதில் தராமல் நின்றது. கண்காணிப்புத் திரையில் மட்டும் விடியும்வரை பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம்.

சேகரிப்பான் இருக்கும்போது நினைவகம் ஏன் கசிகிறது? எட்டும் பொருள் வேறு, வேண்டும் பொருள் வேறு. சேகரிப்பானுக்கு முதலாவது மட்டுமே தெரியும். பரணில் கிடக்கும் உடைந்த தொட்டிலின் சாவி நம் கொத்தில் இருக்கும்வரை அதைக் குப்பை என்று சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை.

இதற்கு 2005 அக்டோபர் 8ஆம் நாள் மொஹாவி பாலைவனத்தில் நடந்த போட்டியைவிட நல்ல சான்று இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா அமைப்பு நடத்திய ஓட்டுநரில்லா வண்டிகளின் பந்தயம், 132 மைல் தொலைவு, 23 வண்டிகள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் 'பிராஸ்பெக்ட் லெவன்' அவற்றில் ஒன்று. வழியில் தென்படும் தடைகளை வண்டி கண்டு பட்டியலில் சேர்க்கும், கடந்ததும் நீக்கிவிடும். சி ஷார்ப் மொழியில் எழுதிய நிரல். மீதியைச் சேகரிப்பான் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். ஆனால் ஒவ்வொரு தடையும், வண்டியின் இருப்பிடம் மாறும்போதெல்லாம் தனக்குச் செய்தி வரவேண்டும் என்று தன் பெயரைப் பதிந்துவைத்திருந்தது. பட்டியலிலிருந்து பெயர் போயிற்று, செய்திப் பதிவேட்டிலிருந்து போகவில்லை. ஆகவே கடந்துபோன புதர்களும் பாறைகளும் எட்டும் பொருள்களாகவே நீடித்தன. வண்டி ஓட ஓட, பின்னால் விட்ட பாலைவனம் முழுவதும் அதன் நினைவில் ஏறிக்கொண்டே வந்தது. சுமார் 10 மைலில் நின்றுவிட்டது. காரணம் போட்டிக்குப் பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. அன்று ஐந்து வண்டிகள் முழுத்தொலைவையும் கடந்தன. முதலிடம் ஸ்டான்ஃபோர்டின் 'ஸ்டான்லி'க்கு.

கையாளும் முறையைப் பொறுத்தவரை, காலம் செல்லச் செல்லப் பிழைத்திருக்கும் ஆசை குறைந்து, ஒழுங்காக இறக்கும் விருப்பம் கூடியிருப்பதைக் காண்கிறோம். 1998இல் ஜாவா 1.2 'மென் சுட்டி'களைத் தந்தது: இடநெருக்கடி வந்தால் இவற்றை விட்டுவிடலாம் என்று நிரலரே முன்கூட்டி இசைவு தருவது. பிழை எறியப்படுமுன் அவை யாவும் கைவிடப்படும் என்பது உறுதி. பின்பு, பிழை நேர்ந்த கணத்தில் நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பில் கொட்டிவைக்கும் வசதி வந்தது. கசிவை ஆராய்வோருக்கு இதைவிட உதவியானது வேறில்லை. இரண்டு இருக்கைகளை அடைத்துத் தூங்கியவன் யார் என்பதை அந்தக் கோப்பில் பார்த்துவிடலாம். 2016இல் ஜாவா 8இன் 92ஆம் திருத்தம், முதல் பற்றாக்குறைப் பிழையிலேயே முழு நிரலையும் முடித்துவிடும் தெரிவைச் சேர்த்தது. பாதி உயிரோடு தவறான விடைகள் தருவதைவிட இறந்து புதிதாகத் தொடங்குவது மேல் என்ற முடிவு அது. எங்களுக்கும் அதில் உடன்பாடே.

ஆனால் இப்போதெல்லாம் பல நிரல்களுக்கு அந்த வாய்ப்பும் கிட்டுவதில்லை. லினக்ஸ் தன்னிடம் உள்ளதைவிட அதிக இடத்தை வாக்களித்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் வாக்கைக் கேட்டு வந்தால் யாரையேனும் கொன்று சரிக்கட்டும். கொள்கலன்களில் நிரல்களை அடைத்து ஓட்டும் வழக்கம் பரவியபோது, தொடக்கத்தில் ஜாவா தன் கொள்கலனுக்கு விதித்த வரம்பைப் பாராமல் முழு இயந்திரத்தின் நினைவகத்தையும் தனதெனக் கணக்கிட்டது. தன் வீட்டு அரிசிப்பானையைப் பாராமல் ஊர்க் களஞ்சியத்தைப் பார்த்து உலை வைத்தது போலாயிற்று. 2018இல் வந்த 10ஆம் பதிப்பு இதை முறையாகத் திருத்தியது. இப்போதும் வரம்பைத் தப்புக்கணக்காக வைத்தால் இயங்குதளம் வெட்டிவிடும். ஓரத்தில் செருகிய ஓலையை எடுக்க நேரம் இராது. நினைவகத்தைக் கோப்பில் கொட்டவும் முடியாது. காலையில் வந்து பார்ப்பவருக்கு 137 என்ற முடிவு எண் மட்டும் எஞ்சியிருக்கும்.