எக்செல் அட்டவணையை டேட்டாபேஸ் வடிவத்துக்கு மாற்றுவது எப்படி?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணை ஒன்றைத் திறக்கிறீர்கள். மாநிலங்கள் மேலிருந்து கீழாக. 1951 முதல் 2011 வரை ஏழு ஆண்டுகள் பக்கவாட்டில். படிக்க வசதிதான். ஆனா பிவட் டேபிள் போட்டா சிக்கல்.

என்ன பிரச்னை?

ஆண்டும் ஒரு தகவல்தான். இங்கே அது ஏழு நெடுவரிசைகளின் தலைப்பாகச் சிதறிக் கிடக்கிறது. மாநிலம், ஆண்டு, மக்கள்தொகை என மூன்று நெடுவரிசைகள் போதும். அப்போது 2011-இல் இருந்த 35 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களுக்கு 35 × 7 = 245 வரிசைகள் வரும். அடுத்த கணக்கெடுப்பு வந்தாலும் கீழே வரிசைகளைச் சேர்த்தால் போதும்.

எப்படிச் செய்வது?

1. மெர்ஜ் செய்த செல்களைப் பிரியுங்க. தலைப்பு ஒரே வரிசையில் இருக்கட்டும்.
2. ‘இந்தியா’ என்ற மொத்த வரிசையை நீக்குங்க.
3. ‘டேட்டா’ மெனுவில் ‘ஃப்ரம் டேபிள்/ரேஞ்ச்’ கொடுங்க. பவர் கொயரி திறக்கும்.
4. மாநில நெடுவரிசையில் ரைட் கிளிக் செய்து ‘அன்பிவட் அதர் காலம்ஸ்’ கொடுங்க.
5. ‘ஆட்ரிபியூட்’ என வருவதை ‘ஆண்டு’ என்றும், ‘வேல்யூ’ என வருவதை ‘மக்கள்தொகை’ என்றும் மாற்றி, ‘க்ளோஸ் அண்ட் லோட்’ அழுத்துங்க.

சரியா வந்திருக்கா?

2011-ஐ மட்டும் ஃபில்டர் செய்து கூட்டிப் பாருங்க. சுமார் 121 கோடி வரணும். 242 கோடி வந்தா, இரண்டாவது படியை மறந்துட்டீங்க. இந்தத் தவறோடு ரிப்போர்ட் வெளியே போனா, நாட்டின் மக்கள்தொகையே இரட்டிப்பாகிடும்!