உத்திரமேரூர்ச் சுவர் மறவாதது

வறட்சிக் காலத்தில் யானைக் கூட்டத்தை முதிய பெண் யானையே நடத்திச் செல்லும். என்றோ நீர் அருந்திய இடம் அதன் நினைவில் இருக்கிறது. கணிப்பொறியும் தன்னுள் சேமித்ததைக் கொண்டே விடை கூறுகிறது. ஆனால் ஓர் ஊர் முழுவதும் கூடி முடிவெடுக்க வேண்டுமாயின், அதன் நினைவு யாரிடம் இருக்கும்? ராஜகுளம் முதலிய சிற்றூர்களைக் கொண்ட காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, உத்திரமேரூரில், இதற்கு விடை கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

முதற் பராந்தக சோழனின் ஆட்சியில் அவ்வூர்ச் சபை கி.பி. 919இல் வாரியத் தேர்தலுக்கு விதி வகுத்தது. இரண்டே ஆண்டுகளில், 921இல், அதைத் திருத்தியது. முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு, முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்று மாறிற்று. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது. ஒருவர் குற்றத்துக்கு உறவினரையும் விலக்கியது கடுமைதான் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் பொதுப்பணத்தில் கைவைத்தவர் மைத்துனர் பெயரில் மீண்டும் வந்தமரும் தந்திரத்தை அச்சபையார் அறிந்திருந்தனர் போலும்!

ஓலையை எடுக்கும் வேலையோ, உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனுக்கு. அவன் தந்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி, சபையறிய வாசிக்க வேண்டும். பழையதை நினைவிற்கொண்டு தகுதியற்றோரை விலக்குவது விதியின் பொறுப்பு. எடுக்கும் கைக்கு விருப்பும் வெறுப்பும் இல்லை. ஏரி வாரியத்துக்கு அறுவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும் இவ்வாறே தேர்ந்தனர்.

இதை மக்களாட்சி என்று சிலர் வானளாவப் புகழ்வர். அது பிராமணர் குடியிருப்பின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடம். உழுதவர் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. இதையும் நாம் மறத்தல் தகாது.

புதிய முத்தவல்லியைத் தேர்ந்தெடுக்க நம் மஹல்லாக்களில் கூடும்போது, பழைய கணக்கேட்டைப் பிரித்துப் பார்ப்பவர் எத்தனை பேர்? குடும்பப் பெருமை பேசப்படும், குரல் உயரும், வரவு செலவு மட்டும் எவர் நினைவிலும் இராது. உத்திரமேரூரார் தம் விதிகளைப் பலரும் வந்து செல்லும் கோயிற் சுவரில் பொறித்தனர். திருத்தம் செய்தபோதும் பழையதைச் செதுக்கி அழிக்கவில்லை. வைகுண்டப் பெருமாள் கோயிலில் 919இன் விதியும் 921இன் விதியும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.