மிதிவண்டிப் பயிற்சிக்கு மாதச் சந்தா: காசு எதற்குப் போகிறது?

கேள்வி சின்னதுதான். மிதிவண்டிப் பயிற்சி சொல்லித்தரும் கைத்தொலைபேசிச் செயலிக்கு மாதாமாதம் காசு கட்டலாமா, வேண்டாமா? இதை ஓர் அரங்கில் வைத்தால் இரண்டு அணி உடனே பிரிந்துவிடும். பிள்ளைகள் அணி "கட்டலாம்" என்னும். பெற்றோர் அணியில் ஒருவர் எழுந்து, "நாங்க பால்மரக் காட்டுக்குச் சைக்கிள் மிதிச்சப்போ எந்தச் செயலி இருந்துச்சு?" என்று கேட்பார். கைத்தட்டல் அவருக்குத்தான் விழும்.

ஆனால் அது பாதிப் பதில். அந்தக் காலத்தில் செயலி இல்லை என்பது உண்மை. வேறு என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டாமா, நேயர்களே? அதைப் பார்க்க நெகிரி செம்பிலானின் பெடாஸ் வட்டாரத்தைவிட நல்ல இடம் கிடைக்காது.

இன்று பெடாஸ் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது வெந்நீர் ஊற்றும் நெடுஞ்சாலைச் சந்திப்பும்தான். ரெம்பாவ் மாவட்டத்தில், சிரம்பானுக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊரைச் சுற்றி ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. விடியுமுன் பிரட்டு. பேர் கொடுத்துவிட்டு அவரவர் நிரைக்குப் போக வேண்டும். பால்மரம் வெயில் ஏறுமுன் வெட்டப்பட வேண்டும். வெயில் ஏற ஏறப் பால் வரத்து குறையும். நிரை தூரமாக இருந்தால் நடப்பவன் நேரத்தை இழப்பான், சைக்கிள் வைத்திருப்பவன் மிச்சப்படுத்துவான். போகும்போது வாளி, திரும்பும்போது பால். சந்தைக்கும் கோயிலுக்கும் மருந்தகத்துக்கும் அதே வண்டிதான். தவணைக்கு வாங்கி, கடன் தீருமுன் இரண்டு முறை டயர் மாற்றியவர்கள் எத்தனையோ பேர். அதைப் பயிற்சி என்று யாரும் சொன்னதில்லை. கால் பழகியது, அவ்வளவுதான்.

இந்த மண்ணில் மிதிவண்டி வேறொரு வேலையும் பார்த்திருக்கிறது. 1941 டிசம்பரில் வடக்கே இறங்கிய ஜப்பானியப் படை, தீபகற்பம் முழுக்கச் சைக்கிளில் இறங்கி வந்தது. 1942 ஜனவரி 14ஆம் நாள், பெடாஸுக்குக் கிழக்கே, கெமாஸ் போகும் வழியில் உள்ள கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்தார்கள். நூற்றுக்கணக்கான சைக்கிள் சிப்பாய்களைப் பாலத்தைக் கடக்கவிட்டு, பிறகு பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துச் சுட்டார்கள். அந்தப் படையெடுப்பைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு செய்தி இங்கே பொருந்தும். படைப்பிரிவுகளோடு பழுதுபார்ப்பவர்களும் வந்தார்கள். மலாயாவில் ஜப்பானிய சைக்கிள்கள் ஏற்கெனவே விற்பனையில் இருந்ததால் உதிரிப்பாகங்கள் வழியெல்லாம் கிடைத்தன. போதாததற்கு ஊர்க்காரர்களின் சைக்கிள்களும் பறிக்கப்பட்டன. கடும் வெயிலில் டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். ஒரு மனிதன் தினமும் நெடுந்தூரம் மிதிக்க வேண்டுமென்றால் அவன் கால் மட்டும் போதாது, பின்னால் ஆள் வேண்டும் என்பதற்கு இது கொஞ்சம் கசப்பான சாட்சி.

தோட்டத்திலும் பின்னால் ஆள் இருந்தது. லயத்துக்கு லயம் பிள்ளைகள், நடுவில் திடல், திருவிழாவுக்கு ஓட்டப்பந்தயம், பஞ்சர் ஒட்டத் தெரிந்த அண்ணன் ஒருவர், "மேட்டில் எழுந்து நின்று மிதிக்காதே, மூச்சு போய்விடும்" என்று சொல்ல ஒரு மாமா. இவற்றுக்கெல்லாம் யாரும் கட்டணம் வாங்கவில்லை. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. குடும்பங்கள் சிரம்பான், செனவாங், நீலாய்ப் பக்கத் தாமான்களுக்குப் பிரிந்து போயின. லயத்தின் வறுமை தொலைந்ததற்கு யாரும் அழ வேண்டியதில்லை. ஆனால் அதோடு அந்தக் கூட்டமும் கலைந்தது. இன்றைய செயலி மாதக் கட்டணத்துக்கு விற்கும் பொருள்களில் ஒன்று அந்தக் கூட்டம்தான் என்பதைப் பெற்றோர் அணி கவனிக்கத் தவறுகிறது.

செயலி விற்கும் இன்னொரு பொருள் அறிவு. இங்கே பிள்ளைகள் அணி கொஞ்சம் ஏமாறுகிறது. செயலிகள் தரும் பயிற்சிகளில் பெரும்பங்கு "கடுமையாக இத்தனை நிமிடம், மெதுவாக இத்தனை நிமிடம்" என்ற இடைவெளிப் பயிற்சிதான். அதற்கு வயது எண்பதுக்கு மேல். ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரைண்டெல் என்ற மருத்துவரும் 1930களில் இதை ஒழுங்குபடுத்தினார்கள். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரும்வரை ஓட வேண்டும். 120க்கு இறங்கும்வரை ஓய்வெடுக்க வேண்டும். மறுபடி ஓட வேண்டும். கெர்ஷ்லரிடம் பழகிய ருடால்ப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 வினாடியில் ஓடினார். அந்த உலகச் சாதனை 1955 வரை நின்றது. தேவைப்பட்ட கருவிகள் ஒரு கடிகாரமும் நாடிபிடிக்கத் தெரிந்த விரலும்தான்.

பிறகு அளவுக் கருவிகள் வந்தன. 1982இல் பின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லாத இதயத்துடிப்புமானியைக் கொண்டுவந்தது. 1986இல் ஜெர்மானியர் உல்ரிக் ஷோபெரர், மிதிப்பவரின் வலுவை வாட் கணக்கில் காட்டும் பவர் மீட்டரை உருவாக்கினார். அதுவரை "இன்று நன்றாக மிதித்தேன்" என்பது மனசு சொல்லும் கதை. அதற்குப் பிறகு எண் சொன்னது. அமெரிக்கரான ஆண்ட்ரூ கோகன், ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வலுவை அளவுகோலாக வைத்துப் பயிற்சியைப் பிரிக்கும் முறையைப் பரப்பினார். ஹண்டர் ஆலனோடு சேர்ந்து 2006இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் கணக்குகளைத்தான் பல செயலிகள் இன்றும் போடுகின்றன. 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, வந்த சராசரியில் 95 விழுக்காட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். சராசரி 200 வாட் என்றால் அளவு 190. இந்தப் பெருக்கலுக்கு மாதக் கட்டணம் எதற்கு?

பயிற்சிக்கு முன்பெல்லாம் யார் செலவழித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நம்மவரான முருகையன் குமரேசன் 1988 சியோல் ஒலிம்பிக்கிலும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கிலும் மலேசியாவுக்காக மிதித்தார். பவர் மீட்டர் பிறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த சமயத்தில் சியோலுக்குப் போனவர் அவர். திரங்கானு, டுங்குனில் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோவில் வெண்கலம், 2017இல் கெய்ரின் உலகப் பட்டம், தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி என்று அடுக்கினார். அவருடைய பயிற்சியின் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், ஜான் பீஸ்லி என்ற பயிற்சியாளரிடம் நடந்தது. அப்படிப்பட்ட உயரத்துக்குப் போகிறவருக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் ஒரு பயிற்சியாளரும், ஓடுபாதையும், அதற்குப் பணம் கொடுக்கும் நாடும் நிற்கின்றன. 2017இல் நீலாயில் தேசிய வெலோட்ரோம் திறக்கப்பட்ட பிறகு, பெடாஸிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்திலேயே உள்ளரங்க ஓடுபாதை இருக்கிறது. செயலியோ அந்தச் செலவின் ஒரு துண்டை எடுத்துக் குடும்பத்தின் தலையில் மாதாமாதம் வைக்கிறது.

எவ்வளவு வைக்கிறது? 2009இல் தொடங்கிய ஸ்ட்ராவா, பல ஆண்டுகள் இலவசமாகக் காட்டிய சாலைத்துண்டுப் பட்டியல்களின் பெரும்பகுதியை 2020 மே மாதம் சந்தாக்காரர்களுக்கு மட்டும் என்று மாற்றியது. 2023இல் அமெரிக்காவில் அதன் மாதக் கட்டணம் 11.99 டாலரானது. வீட்டுக்குள் மிதித்துக்கொண்டே திரையில் மலையேற வைக்கும் ஸ்விஃப்ட், 2015இல் 10 டாலரில் கட்டணம் வாங்கத் தொடங்கி, 2017இல் 14.99, 2024இல் 19.99 என்று ஏறியது. டாலர் 4 வெள்ளியைச் சுற்றி நிற்கும் கணக்கில் மாதம் 80 வெள்ளி; ஆண்டுக்கு ஆயிரத்தை எட்டும். 2025இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. நாள்கூலியை மாதச் சம்பளமாக்கச் சொல்லித் தோட்டத் தொழிலாளர்கள் நெடுங்காலம் போராடிய வட்டாரத்தில், மாதம் 80 வெள்ளி என்பது பேச்சுக்குச் சின்னத் தொகையல்ல. ஸ்விஃப்ட் போன்றவற்றை முழுதாகப் பயன்படுத்த, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டியை மாட்டும் ஸ்மார்ட் டிரெய்னர் என்ற கருவியும் வேண்டும். சந்தாவைவிடப் பெரிய செலவு அதுதான். கடைக்காரர் இதை முதலில் சொல்ல மாட்டார்.

இருந்தாலும் "கட்டலாம்" அணியிடம் ஒரு பலமான சாட்சி உண்டு. ஜெய் வைன் என்ற ஆஸ்திரேலியர் 2020இல் ஸ்விஃப்ட் நடத்திய தேர்வுப் போட்டியில் வென்று, அல்பெசின்-ஃபெனிக்ஸ் என்ற தொழில்முறை அணியில் இடம் பிடித்தார். 2022இல் ஸ்பெயின் சுற்றுப்போட்டியில் இரண்டு நாள்களின் ஓட்டங்களை வென்றார். ஆயிரக்கணக்கானோர் மிதித்த தேர்வில் கதவு திறந்தது ஓரிருவருக்குத்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் அதற்கு முன்பே தம் நாட்டில் சாலைப் போட்டிகளில் ஓடிப் பழகியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு திருப்பமும் இருக்கிறது. மின்-மிதிவண்டி உலகப் போட்டி 2020இல் தொடங்கியபோது ஸ்விஃப்டில்தான் நடந்தது. 2024இல் அது மைவூஷ் என்ற செயலிக்கு மாறியது. மைவூஷுக்குக் கட்டணமே இல்லை. காசு வாங்குவதால்தான் தரம் என்ற வாதம் அன்றோடு தளர்ந்துவிட்டது.

வீட்டுக்குள் மிதிப்பதற்கு உண்மையான காரணம் சாலைதான். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் அதிகாலை நேரத்தில் சாலையில் சைக்கிளில் கூடியிருந்த பிள்ளைகள்மீது கார் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். அது பயிற்சி ஓட்டம் அல்ல, மாற்றியமைத்த சைக்கிள்களின் விளையாட்டு. ஆனாலும் அதற்குப் பிறகு மகனை இருட்டில் சாலைக்கு அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஷிப்ட் வேலை முடிந்து இரவு ஒன்பதுக்கு வீடு வருகிறவருக்கும் சாலை உதவாது. இவர்களுக்கு 80 வெள்ளி வீண் இல்லை. ஆனால் நம் ஊர் வெப்பத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. மிதிக்கும் உடல் செலவழிக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவுதான் பெடலுக்குப் போகிறது, மற்றதெல்லாம் சூடு. 200 வாட் மிதிப்பவர் அறைக்குள் 600 வாட்டுக்கு மேல் சூட்டைக் கொட்டுகிறார். சாலையில் காற்று அதை அடித்துச் செல்லும். மூடிய அறையில் அது போகாது. துடிப்பு ஏறும், வலு இறங்கும், செயலியோ "நீங்கள் பலவீனமாகிவிட்டீர்கள்" என்று கணக்குப் போடும். முதலில் வாங்க வேண்டியது நல்ல மின்விசிறி.

ஆக, ஒரே பதில் எல்லோருக்கும் பொருந்தாது. பெடாஸில் இருந்துகொண்டு, வாரம் இரண்டு நாள் கூட மிதிக்க ஒரு மூத்த ஓட்டக்காரர் கிடைத்தால், சிரம்பானுக்கு அப்பால் புக்கிட் புத்துஸ், புக்கிட் தங்கா மலைச்சாலைகளுக்குப் பகலில் பத்திரமாகப் போய்வர முடிந்தால், அந்தப் பையனுக்குச் சந்தா தேவையில்லை. பதிவுகளை ஆராய கோல்டன் சீட்டா, இன்டர்வல்ஸ் போன்றவை காசில்லாமலே கிடைக்கின்றன. கூட வர ஆளும் இல்லை, எப்போது ஓய்வெடுப்பது என்று சொல்லவும் யாரும் இல்லை என்றால் மூன்று மாதம் கட்டிப் பார்க்கலாம். சுக்மா தேர்வு போல ஒரு தேதி முன்னால் இருந்தால் இன்னும் நல்லது. தொடக்கத்தில் ஒரு 20 நிமிடச் சோதனை, முடிவில் ஒன்று, அதே வண்டி, அதே மின்விசிறி, அதே நேரம். 190 வாட் 191 ஆகியிருந்தால் அதை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. அந்தக் காசைச் சேர்த்து வைத்து, மாதம் ஒருமுறையாவது தெரிந்த பயிற்சியாளர் ஒருவரிடம் நேரில் போய்வருவது மேல் என்று தோன்றினால் அதிலும் தவறில்லை.

சந்தாவை நிறுத்துவதென்று முடிவெடுத்தால், நிறுத்துவதற்கு முன்பே பதிவுகள் அத்தனையையும் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். செயலிகள் பெரும்பாலும் எஃப்.ஐ.டி. என்ற வகைக் கோப்பாக அவற்றைக் கொடுக்கும். அதை வேறு பல பயிற்சி மென்பொருள்களிலும் திறக்கலாம். தானாகப் புதுப்பிக்கும் தேதியைக் கைத்தொலைபேசி நாட்காட்டியில் இரண்டு நாள் முன்கூட்டியே குறித்துக்கொண்டால் இன்னொரு 80 வெள்ளி போகாது.