செக்ரோலில் பெயர் நீங்கிய பின்

வேலை போனால் கூலி நின்றுவிடும் என்பதை யாவரும் அறிவர். கூலியோடு மருந்தும் நின்றுவிடும் என்பதை நோய் வந்த பின்னரே பலர் அறிகின்றனர். மலாயாத் தமிழ்த் தொழிலாளர் வாழ்வில் இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதைப் பினாங்கிலிருந்து தொடங்கி நோக்குவோம்.

தமிழகத்துத் துறைமுகங்களில் கப்பலேறிய தொழிலாளர் பலருக்குப் பினாங்கே முதற்கரை. நகருள் கால்வைக்குமுன் அவர்களிற் பலர் ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டனர். அவர்தம் உடல்நலத்தில் ஆங்கில ஆட்சிக்கு அக்கறை இருந்தது உண்மையே. எனினும் அஃது உழைக்கும் உடலைப் பற்றிய அக்கறை. எதிர்க்கரையில், அன்று வெல்லெஸ்லி மாகாணம் எனப்பெற்ற இன்றைய செபராங் பிறையில், 19-ஆம் நூற்றாண்டின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகள் நோயால் திரளாக மடிந்தனர். 1910-இல் ஒப்பந்த முறை முடிவுக்கு வந்தது. தோட்டங்களில் மருத்துவமனை அமைக்குமாறு முதலாளியைப் பணிக்கும் அதிகாரம் தொழிலாளர் சட்டங்கள்வழி அரசுக்குக் கிடைத்தது.

இவ்வாறு தோட்டத்து ஆஸ்பத்திரியும், ‘டிரஸ்ஸர்’ என்று மக்கள் அழைத்த மருத்துவ உதவியாளரும் வந்தனர். அம்மருந்து இலவசந்தான். ஆனால் அதைப் பெறும் தகுதி செக்ரோல் என்ற ஆள்கணக்கேட்டில் இருந்தது. பெயர் அதில் உள்ளவரை மருந்துண்டு. நீங்கின் லயத்து வீடும் இல்லை, மருந்தும் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தபோது, வேலையிழந்தோர் பெருந்தொகையினராகத் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1907-இல் முதலாளிமார் செலுத்தும் தொகையால் நிறுவப்பெற்ற குடியேற்ற நிதி, அவர்களுக்குக் கப்பல் கட்டணம் தந்தது. நோயாளியை ஆற்றும் பொறுப்பைக் கடலுக்கு அப்பால் தள்ளிவிடும் எளிய வழி அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வந்த தோட்டத் துண்டாடல் இதையே மீண்டும் காட்டிற்று. பெருந்தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டபோது வேலையும் வீடும் மட்டுமன்றி மருத்துவ வசதியும் சிதறிற்று. உங்கு அஜிஸ் இதனை ஆராய்ந்து 1962-இல் நூலாக்கினார். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இத்துயரின் விளைவே.

பின்வந்த சட்டங்கள் வேறு பல காப்புகளைத் தந்தன. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சொக்சோ, வேலையில் நேர்ந்த காயத்துக்கு மருத்துவம் அளிக்கிறது. அவ்வுரிமை வேலை போனதால் அழிவதில்லை. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்குறைப்புக்கு ஆளானவர் ஈராண்டுக்குக் குறைவான பணிக்கு ஆண்டொன்றுக்குப் பத்து நாள் கூலியும், ஐந்தாண்டுக்கு மேற்பட்டதற்கு இருபது நாள் கூலியும் பெறலாம். 2018-இல் நடைமுறைக்கு வந்த வேலைக் காப்புறுதி, வேலை தேடும் காலத்துக்குச் சில மாதங்கள் பணந்தருகிறது. எனினும் இவற்றுள் எதுவும் சாதாரண நோய்க்கு மருந்து தராது.

1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை எழுந்தபின் தோட்டத்துப் பிள்ளைகள் மின்னணு ஆலைகளுக்குச் சென்றனர். டிரஸ்ஸரின் இடத்தை ஆலை நியமித்த மருத்துவரும், பின்னர் குழுக் காப்புறுதியும் பிடித்தன. செக்ரோல் கணினிக்குள் சென்றதே தவிர, அதன் விதி மாறவில்லை. 1980-களின் நடுவில் ஆட்குறைப்பு வந்தபோது அது தெரிந்தது. வேறு காப்புறுதி வாங்கப் புகுவோர்க்கு முன்பே உள்ள நோய் தடையாகிறது.

பிற நாடுகள் வேறுவழி கண்டுள்ளன. அமெரிக்காவில் 1986-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, இருபது பேருக்குக் குறையாத நிறுவனத்தில் வேலையிழந்தவர் முழுக் கட்டணத்தையும் தாமே செலுத்தி, பொதுவாகப் பதினெட்டு மாதம் அதே காப்பைத் தொடரலாம். கூலியற்றவனிடம் முழுக் கட்டணம் கேட்பது வேடிக்கைதான். இந்தியாவின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், ஐந்தாண்டு காப்புடன் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் தமக்கும் துணைவர்க்கும் மருத்துவம் பெறலாம்.

இத்தகைய தொடர்ச்சியுரிமை நம் சட்டத்தில் இல்லாமையால், பணி விலகுவோர் காப்பு முடியும் நாளை எழுத்தில் கேட்டுப் பெறுதலும், அந்நாளுக்கு முந்திய மருத்துவச் செலவுகளுக்கு உரியகாலத்தில் கோரிக்கை விடுத்தலும் வேண்டும். அதன்பின் அவர்கள் செல்லுமிடம் ரெசிடென்சி சாலையிலுள்ள பொது மருத்துவமனைதான். அங்குச் செக்ரோலை யாரும் கேட்பதில்லை.