தென் திருவிதாங்கூர்க் கருமணல்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அணித்தே, தென்னையும் ரப்பரும் மரவள்ளியும் செழிக்கும் நிலத்தில் அமைந்த தனுவச்சபுரம் இன்று கேரளத்தின் தென்கோடிக் கிராமங்களுள் ஒன்று. ஆயினும், 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்தோடு இணைக்கப்படும் வரையில், அவ்வூருக்கும் குளச்சலை அடுத்த மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கும் நடுவே ராஜ்ய எல்லை கிடையாது. இரண்டும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் மண். ஆகவே அக்கடற்கரைக் கருமணலின் சரித்திரம், இன்றைய எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் மக்கள் அனைவருக்கும் பொதுச் சொத்து.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளை யுகயுகாந்தரமாக மழை கரைக்க, ஆறுகள் அவற்றைக் கடலுக்கு ஏந்திச் செல்ல, அலைகள் இலேசான மணலை அகற்றிக் கனத்த தாதுக்களைக் கரையிலே ஒதுக்கியதால் உண்டான இக்கருமணலில், இல்மனைட், சிர்கான் முதலியவற்றோடு மோனசைட் என்னும் தாதுவும் கலந்திருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயனி கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலே அவருக்கு வழி காட்டிற்று என்று சொல்லப்படுகிறது. அதுவரை உலகின் மோனசைட் தேவையைப் பெரும்பாலும் பூர்த்தி செய்துவந்த பிரேசில் நாட்டுக்கு, மணவாளக்குறிச்சி ஒரு பெரும் போட்டியாக எழுந்தது.

அக்காலத்து வியாபாரிகள் நாடியது மோனசைட்டிலுள்ள தோரியத்தை மட்டுமே. ஆஸ்திரிய விஞ்ஞானி ஆவர் வான் வெல்ஸ்பாக் என்பவர், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்ஸைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடும் சேர்ந்த வலையைச் சுடரின்மேல் மாட்டினால் அது வெண்மையாகப் பிரகாசிக்கும் என்று 1891இல் நிரூபித்திருந்தார். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளிலும், பிற்காலத்தில் நம் கல்யாண ஊர்வலங்களிலும் கோயில் உற்சவங்களிலும் ஒளி வீசிய பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் பயன்பட்டது மேன்டில் எனப்படும் இந்த வலையே. தோரியத்தை எடுத்தபின் எஞ்சிய லந்தனம், நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களோ, சிகரெட் லைட்டரின் தீக்கல் போன்ற சில உபயோகங்கள் நீங்கலாக, நெடுங்காலம் கழிவாகவே கருதப்பட்டன. அந்த நியோடிமியத்தை 1885இல் முதன்முதலாகப் பிரித்துக் காட்டியவரும் இதே வெல்ஸ்பாக்தான்.

தோரியம் அணுசக்திக்கு உதவும் என்பது தெரிந்தபின், மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தோன்றிற்று. 1952இல் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலை ஆலுவாயில் இயங்கத் தொடங்கிற்று.

கழிவென்று தள்ளப்பட்ட அந்தத் தனிமங்களுக்கு விஞ்ஞானம் இன்று அளித்திருக்கும் பணியைப் பார்க்கும்போது வியப்பும் பெருமிதமும் உண்டாகின்றன. 2013இல் பிரேசில், ஸ்பெயின் முதலிய நாடுகளின் ஆராய்ச்சியாளர்கள் லந்தனம் ஃப்ளோரைடில் சிறிதளவு நியோடிமியத்தைக் கலந்து நானோ துகள்களைச் செய்து, அவற்றைக் கொண்டு திசுவின் உள்ளே நிலவும் உஷ்ணத்தை வெளியிலிருந்தே அளக்கலாம் என்று காட்டினர். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் துகளின்மேல் பாய்ச்சினால், நியோடிமியம் வேறு அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. அவ்வொளியில் சுமார் 863, 885 நானோமீட்டர் அலைநீளங்களில் தோன்றும் இரு பட்டைகளின் பிரகாச விகிதம் உஷ்ணத்துக்கேற்ப மாறுவதால், அந்த விகிதமே உஷ்ணமானியாகிறது. விகிதத்தை அளப்பதால் துகள்களின் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் கணக்குக் கெடுவதில்லை; சதையும் இரத்தமும் இவ்வகை ஒளியை மிகுதியாக விழுங்காமல் ஓரளவு ஆழம்வரை செல்ல விடுவது மற்றொரு அனுகூலம்.

நாக்கின் கீழ் வைக்கும் உஷ்ணமானி தேகத்தின் பொதுவான சூட்டைச் சொல்லும்; சூடேற்றிப் புற்றுக்கட்டியை அழிக்க முயலும் வைத்தியருக்கோ, கட்டியின் சூடும் அதைச் சூழ்ந்த ஆரோக்கியமான திசுவின் சூடும் தனித்தனியே தெரிந்தாக வேண்டும். ஆதலால் இந்த முயற்சி மனித உயிர்மேல் உள்ள அக்கறையினின்றும் பிறந்தது. ஆயினும் ஒளியால் உஷ்ணத்தை அளக்கும் இத்தகைய முறைகளைக் கொண்டு, ஒற்றை உயிரணுவுக்குள் ஒரு டிகிரி வித்தியாசம் இருப்பதாகச் சிலர் வெளியிட்ட அளவீடுகளை, வெப்பம் பரவும் வேகத்தைக் கணக்கிட்ட வேறு விஞ்ஞானிகள் 2014இல் ஆட்சேபித்தனர். அவர்கள் கணக்குப்படி அவ்வித்தியாசம் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு டிகிரியே. இந்த விவாதம் ஓயவில்லை. கருவி சொல்வதையெல்லாம் பரீட்சித்தே ஏற்க வேண்டும் என்னும் விஞ்ஞான தர்மத்துக்கு இது நல்ல சான்று.

நூறு ஆண்டுகளுக்கு முன் உஷ்ணத்தை ஒளியாக்க உதவிய தாதுவின் எச்சம், இன்று ஒளியால் உஷ்ணத்தை அறிய உதவுகிறது. மணல் அன்றும் இன்றும் ஒன்றே. மாறியது அதைப் பற்றிய அறிவு. மணலை எடையிட்டு விற்ற காலத்தில் அதன் பெருமதிப்பை அனுபவித்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். இன்று திருவனந்தபுரத்திலேயே அருமண் சேர்மங்களின் ஒளியை ஆராயும் விஞ்ஞானக் கூடம் இருக்கிறது. தனுவச்சபுரத்திலோ கல்லூரியே இருக்கிறது. அங்கே ரசாயனம் பயிலும் மாணவனுக்கு, தனிம அட்டவணையின் அடியில் தனி வரிசையாக ஒதுங்கி நிற்கும் பெயர்கள் தன் நாட்டுக் கடற்கரையின் பொருள்கள் என்று ஆசிரியர் எடுத்துச் சொல்வாராயின், அடுத்த நூற்றாண்டின் சரித்திரத்தில் இப்பிரதேசம் மணல் கொடுத்த இடமாக மட்டுமன்றி அறிவு கொடுத்த இடமாகவும் பெயர் பெறும்.