பெயரிலிருந்து நழுவிய சோர்வு

பாத்திரத்துக்குச் சரியான பெயர் அமைந்துவிட்டால் பாதிக் கதை எழுதியாகிவிட்டது என்று எண்ணுகிறவன் நான். வைத்திய சரித்திரத்தைப் புரட்டும்போதும் என் கண் முதலில் நோய்களின் பெயர்மீதுதான் போகிறது.

1800-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஸால்பேத்ரியேர் ஆஸ்பத்திரியில் லாந்த்ரே-போவே என்ற இளம் வைத்தியர் இருந்தார். ஏழைப் பெண்கள் நிறைந்த இடம் அது. அக்காலத்தில் மூட்டு வீங்கினால் 'கவுட்' என்பார்கள். விருந்தும் மதுவுமாக வாழும் சீமான்களின் வியாதி என்பது நம்பிக்கை. இந்தப் பெண்களுக்கு விருந்து ஏது, மது ஏது? ஒன்பது பேரைக் கவனித்துப் பார்த்து, இது வேறு நோய் என்று தம் ஆய்வுரையில் எழுதினார். பழைய 'கவுட்' என்ற சொல்லை மட்டும் அவரால் விட முடியவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஓர் அடைமொழி சேர்த்தார்: 'பலவீனம் பொருந்திய' என்று. வலியையும் வீக்கத்தையும் விட்டுவிட்டு, அந்தப் பெண்களின் தளர்ச்சியைப் பெயரில் ஏற்றினாரே, அதற்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும்.

1859-இல் லண்டன் வைத்தியர் ஆல்பிரட் காராட், 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்று பெயரை மாற்றினார். கவுட்டிலிருந்து இந்நோயைத் தெளிவாகப் பிரித்த பெருமை அவருக்கு உண்டு. மூட்டு பெயரில் நின்றது. தளர்ச்சி சத்தமில்லாமல் வெளியே போய்விட்டது.

தைராய்டின் கதையும் பெண்களிடமிருந்தே ஆரம்பிக்கிறது. 1873-இல் வில்லியம் கல் என்ற ஆங்கில வைத்தியர், நடுவயதில் முகம் ஊதி, பேச்சும் நினைவும் மந்தமாகிப்போன பெண்களைப் பற்றிச் சொன்னார். 1891-இல் நியூகாஸிலில் ஜார்ஜ் மர்ரே, ஆட்டுத் தைராய்டின் சாற்றை 46 வயதுப் பெண் ஒருத்திக்கு ஊசி மூலம் ஏற்றினார். மந்தம் கலைந்தது. அவள் 1919 வரை உயிர் வாழ்ந்தாள். அதற்குள் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு செலவாகியிருந்தது!

1912-இல் ஜப்பானிய டாக்டர் ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களின் தைராய்டை ஆராய்ந்து ஜெர்மன் மொழியில் எழுதினார். பிறகு சொந்த ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்து, 1934-இல் டைபாய்டில் காலமானார். உடம்பு தன் தைராய்டைத் தானே தாக்குகிறது என்று லண்டனிலும் அமெரிக்காவிலும் கண்டுபிடித்தது 1956-இல்தான்.

இந்த இரண்டு கதைகளிலும் வருகிற ஒரே பாத்திரம் எட்வர்டு கெண்டால் என்ற அமெரிக்க ரசாயனி. 1914 கிறிஸ்துமஸ் தினத்தன்று தைராய்டிலிருந்து தைராக்ஸினைப் பிரித்தெடுத்தார். அவர் கண்ட மற்றொரு பொருளான கார்ட்டிஸோனை, 1948 செப்டம்பரில் பிலிப் ஹென்ச் மூட்டுநோயால் முடங்கிய 29 வயதுப் பெண்ணுக்குக் கொடுத்தார். சில நாட்களில் அவள் நடந்தாள். 1950-இல் நோபல் பரிசு வந்தது. நாளடைவில் மருந்தின் பக்கவிளைவுகளும் தெரியவந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று பாக்கி. மாத்திரை சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தும், காலையில் எழும்போதே அடித்துப் போட்டாற்போல் கிடப்பவர்கள் பலர் உண்டு. இரண்டு நோய்களும் ஒருவரையே பிடிப்பதும் உண்டு. அழற்சிப் பொருள்கள் மூளையைத் தொடுவது, ரத்தச் சோகை, வலியால் கெட்ட தூக்கம் என்று காரணங்கள் பல. மூட்டு வீங்கினால் வீட்டார் பார்க்கிறார்கள். அசதியை யார் பார்க்கிறார்கள்? "மாத்திரைதான் சாப்பிடுகிறாயே, இன்னும் என்ன?" என்ற கேள்விக்கு நம் வீட்டுப் பெண்கள் என்ன பதில் சொல்வார்கள்? அகராதியில் அதற்கு 'சோம்பல்' என்ற சொல்தான் தயாராக இருக்கிறது.

2002-இல் ஆஸ்திரேலியாவில், மூட்டுநோய்ச் சிகிச்சையை எப்படி அளப்பது என்று கூடிய நிபுணர்கள் நோயாளிகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். வலிக்கு நிகராக அந்த நோயாளிகள் சொன்னது அசதியைத்தான். மருந்துகளைச் சோதிக்கும்போது இயன்றவரை அசதியையும் அளக்க வேண்டுமென்ற பரிந்துரை 2007-இல் அச்சேறியது. அதற்கு எக்ஸ்ரே கிடையாது. நோயாளியைக் கேட்டு, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்கிறார்கள்.